ட்ரீம்காஸ்ட் தானாக றீசெற் ஆனது, காரணம் ஆறு பின்கள்

லண்டனிலிருந்து மாமா அனுப்பிய சேகா ட்ரீம்காஸ்ட் வீடியோ கேம் கன்சோல், விளையாட்டின் நடுவில் திடீரென முதல் திரைக்குப் போய் திகதி கேட்கும். திகதி கேட்பதால், உள்ளே நேரத்தைக் காக்கும் பற்றரிதான் பழுது என்றார்கள். சார்ஜ் ஏறும் வகையான புது எம்எல்2032 பற்றரி வைத்து ஈயத்தால் பற்றவைத்தேன், நேரம் ஒழுங்காக நின்றது, றீசெற் நிற்கவில்லை. லென்ஸைத் துடைத்தும் பலனில்லை.

அப்புறம்தான் கவனித்தேன், டிஸ்க் வேகமெடுக்கும்போதும் மூடியை லேசாகத் தட்டும்போதும்தான் இது நடக்கிறது. பிளக்கை இழுத்து, கொஞ்ச நேரம் விட்டுத் திறந்தால், மின்வழங்கிப் பலகை வயரே இல்லாமல் தாய்ப்பலகையின் ஆறு உலோகப் பின்களில் வெறுமனே செருகி நிற்கிறது. நான் இருக்கும் மட்டக்களப்பு கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, உப்புக்காற்றில் பின்கள் கறுத்திருந்தன. ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒவ்வொரு பின்னையும் மயிரிழை அளவு வளைத்து, பலகையைச் சில தரம் செருகி எடுத்துப் பூட்டினேன். சரி, அதன்பிறகு ஒரு றீசெற்கூட இல்லை. பெரிய நிம்மதி.

1998இல் வந்து 2001இல் உற்பத்தி நின்ற, சேகாவின் கடைசிக் கன்சோல் இது. விற்பனையில் தோற்றது உண்மைதான், ஆனால் வீஜிஏ வெளியீடு அப்போதே இருந்ததால் சும்மா கிடந்த பழைய கணினித் திரையில் இன்றும் படம் கூர்மையாகத் தெரிகிறது.

பற்றரி மாற்றுபவர்கள் சாதாரண சிஆர்2032ஐ அப்படியே போடவேண்டாம், அது சார்ஜ் ஏறும் வகை அல்ல.