பைத்தான் 3.15-க்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நிரல்மொழியின் புதிய பதிப்பு வரப்போகிறது என்றால், எல்லோருடைய பார்வையும் அதில் சேர்க்கப்படும் புதிய தொடரியலின் மீதே முதலில் செல்கிறது. 2026 அக்டோபரில் வெளியிடத் திட்டமிடப்பட்டுள்ள பைத்தான் 3.15-ஐப் பற்றிய பேச்சிலும் நிரல் பகுதிகளைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் ‘லேசி இம்போர்ட்’ என்னும் வசதிக்கே முதலிடம் கிடைத்திருக்கிறது. அது வரவேற்கத்தக்க வசதிதான். ஆனால் பதிப்பு மாறும்போது நிரல்கள் உடைவது பெரும்பாலும் நாம் புதிதாக எழுதிச் சேர்த்த வரியால் அன்று. பல ஆண்டுகளாக யாரும் தொடாமல் இருந்த பழைய வரி, ஓர் எழுத்தும் மாறாமலேயே வேறுவிதமாக இயங்கத் தொடங்குவதால்தான். ஆகவே புதிய வசதிகளின் பட்டியலை மட்டும் படித்துவிட்டு, மாறிய இயல்புநிலைகளின் (நாம் எதுவும் குறிப்பிடாதபோது மொழி தானாக எடுத்துக்கொள்ளும் தேர்வுகளின்) பட்டியலைப் படிக்காமல் விடுவதையே தலையாய தவறாகக் கருதுகிறேன். கீழே சொல்லப்படும் தவறுகளில் பலவும் அதிலிருந்து கிளைத்தவையே.

கோப்பின் குறியாக்கத்தைச் சொல்லாமல் விடுதல்

பைத்தானில் ‘ஓபன்’ செயற்கூற்றைக் கொண்டு உரைக்கோப்பைத் திறக்கும்போது, அது எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையில்) உள்ளது என்பதைப் பலரும் குறிப்பிடுவதில்லை. குறிப்பிடாத இடங்களில், 3.14 வரையிலான பதிப்புகள் இயங்குதளத்தின் அமைப்பு எதுவோ அதையே எடுத்துக்கொண்டன. லினக்ஸிலும் மேக்கிலும் அது பெரும்பாலும் எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யுடிஎஃப்-8 ஆகவே இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. விண்டோஸிலோ அது கணினியின் மொழி அமைப்புக்கேற்ப மாறியது; மேற்கு ஐரோப்பிய அமைப்புகளில் 1252 எனப்படும் குறியாக்கமாக இருந்தது. பெப் 686 என்னும் முன்மொழிவின்படி, 3.15 முதல் எல்லா இயங்குதளங்களிலும் யுடிஎஃப்-8 தான் இயல்புநிலை.

இந்த மாற்றம் நெடுநாள் முன்பே வந்திருக்க வேண்டியது. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அப்படிப்பட்ட கோப்பை 1252 கொண்டு படித்தால் ஒவ்வொரு குறியும் பொருளற்ற மூன்று எழுத்துகளாகச் சிதறும், அல்லது படிக்கவே முடியாமல் பிழை எழும். அந்தத் தொல்லை இனிக் குறையும். ஆனால் ‘இனிக் குறியாக்கத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்’ என்ற முடிவுக்கு வருவதுதான் தவறு. பழைய பதிப்பில் இயங்கிய நிரல் விண்டோஸில் எழுதி வைத்த கோப்புகள் பழைய குறியாக்கத்திலேயே இருக்கின்றன. அவற்றில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருந்தால் எந்த வேறுபாடும் தெரியாது. உச்சரிப்புக் குறி கொண்ட ஒரே ஒரு பெயர் இருந்தாலும் 3.15 அந்தக் கோப்பைப் படிக்க மறுத்துப் பிழை எழுப்பக்கூடும்.

பிழை எழுவதாவது நல்லது, ஏனெனில் அது கண்ணில் படுகிறது. எழுதும் பக்கம் நிகழும் மாற்றம் ஓசையே இல்லாமல் நடக்கும். 3.15-இல் இயங்கும் நிரல் தன் அறிக்கையை யுடிஎஃப்-8-இல் எழுதும். அதை வாங்கிப் படிக்கும் வேறொரு பழைய மென்பொருள் இன்னும் 1252-ஐ எதிர்பார்த்துக்கொண்டிருந்தால், சிதைந்த எழுத்துகள் அதன் தரவுத்தளத்திற்குள் சென்று சேரும். வெளி நிரல்களை இயக்கி அவற்றின் வெளியீட்டை உரையாகப் பெறும் ‘சப்பிராசஸ்’ பயன்பாட்டிலும் இதே கவனம் வேண்டும். அந்த வெளி நிரல் யுடிஎஃப்-8-இல் தான் எழுதுகிறது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இங்கே மிக மோசமான தீர்வு, பிழை வந்ததும் ‘எரர்ஸ்’ என்னும் அளபுருவுக்கு ‘இக்னோர்’ என்று மதிப்புக் கொடுத்து வாயடைப்பது. அது படிக்க முடியாத எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட்டு, எதுவுமே நடக்காதது போல மேலே செல்லும். இழந்த தரவைப் பிறகு எவராலும் மீட்க முடியாது. செய்ய வேண்டியது எளிமையானது: ஒவ்வொரு இடத்திலும் குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதுங்கள். இயங்குதளத்தின் அமைப்பே தேவைப்படும் இடங்களில், 3.10 முதல் ஏற்கப்படும் ‘லொக்கேல்’ என்ற மதிப்பைக் கொடுக்கலாம். குறியாக்கம் சொல்லப்படாத இடங்களையெல்லாம் சுட்டிக்காட்டும் எச்சரிக்கையும் 3.10-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது, பைத்தானைத் தொடங்கும்போது அதற்கான விருப்பத்தை இயக்கினால் போதும். இந்த வேலைக்கு 3.15-க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்று பயன்பாட்டில் உள்ள பதிப்பிலேயே முடித்துவிடலாம்.

லேசி இம்போர்ட்டை எல்லா இடத்திலும் ஒட்டுதல்

பெப் 810 கொண்டுவரும் இந்த வசதியின்படி, இம்போர்ட் வரிக்கு முன்னால் ‘லேசி’ என்று சேர்த்தால் மாட்யூல் (தனிக் கோப்பாக உள்ள நிரல் பகுதி) உடனே ஏற்றப்படாது; அதன் பெயர் முதன்முறை பயன்படும் கணத்தில்தான் ஏற்றப்படும். கட்டளைவரிக் கருவிகளுக்கு இது பெரிய உதவி. உதவிக் குறிப்பை மட்டும் காட்டிவிட்டு முடியும் கருவி, அதற்காகப் பத்துப் பெரிய லைப்ரரிகளை ஏற்றித் தீர வேண்டிய நிலை இனி இராது.

ஆனால் மாட்யூல்கள் எல்லாம் பெயர்களை வழங்குவதற்காக மட்டுமே இருப்பவை அல்ல. ஏற்றப்படும்போதே ஒரு வேலையைச் செய்து முடிக்கும் மாட்யூல்கள் ஏராளம்: செருகுநிரலைப் பதிவு செய்பவை, இணையச் செயலியின் முகவரிகளைப் பதிபவை, தரவுத்தள அட்டவணைகளின் வடிவத்தை அறிவிப்பவை. இத்தகைய மாட்யூலை இம்போர்ட் செய்யும் நிரல் அதன் பெயரைப் பிறகு எங்குமே பயன்படுத்தாது, ஏற்றுவதே நோக்கம். அதற்கு முன்னால் ‘லேசி’ சேர்த்தால் அந்த மாட்யூல் எப்போதுமே ஏற்றப்படாது, பிழைச்செய்தியும் வராது, பதிவுகள் மட்டும் காணாமல் போயிருக்கும். எனவே இந்தச் சொல்லைச் சேர்ப்பதற்கு முன்பு, அந்த மாட்யூலுக்குப் பக்கவிளைவு உண்டா என்பதைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. எல்லா இம்போர்ட்டுகளையும் ஒரே அடியாகத் தள்ளிப்போடும் பொது விருப்பம் ஒன்றும் உண்டு. அது அளந்து பார்ப்பதற்குப் பயன்படும். பிறர் எழுதிய லைப்ரரிகளின் பக்கவிளைவுகளையும் சேர்த்தே அது தள்ளிப்போடும் என்பதால், சோதிக்காமல் நேரடிப் பயன்பாட்டில் அதை இயக்கக் கூடாது.

இன்னொரு தவறு பிழை கையாளுதல் தொடர்பானது. ஒரு லைப்ரரி நிறுவப்பட்டிருக்கிறதா என்பதை அறிய, அதை ‘டிரை’ தொகுதிக்குள் இம்போர்ட் செய்து, தோற்றால் மாற்று வழியில் செல்வது பைத்தானில் நீண்ட காலப் பழக்கம். லேசி இம்போர்ட்டை ‘டிரை’ தொகுதிக்குள் எழுதவே முடியாது. செயற்கூற்றுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் எழுத முடியாது. மாட்யூலின் மேல்மட்டத்தில் மட்டுமே இடம் உண்டு. லைப்ரரி இல்லாவிட்டால் பிழை எழப்போவது முதல் பயன்பாட்டின் போதுதான், அதாவது இம்போர்ட் வரியிலிருந்து வெகுதொலைவில். பிழைத்தடம் இரண்டு இடங்களையும் காட்டும் என்றாலும், தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய குறை நள்ளிரவில் இயங்கும் ஒரு பணியின் நடுவில் தெரியவருவது யாருக்கும் உதவாது. இன்றியமையாத லைப்ரரிகளை வழக்கமான முறையில் இம்போர்ட் செய்வதே சரி.

புதிய தொடரியலை நிபந்தனைக்குள் மறைக்கலாம் என்று நம்புதல்

பழைய பதிப்புகளையும் ஆதரிக்க வேண்டிய லைப்ரரி ஆசிரியர்கள், பதிப்பு எண்ணைச் சரிபார்க்கும் நிபந்தனைக்குள் புதிய தொடரியலை எழுதிவிட்டால் போதும் என்று எண்ணுவதுண்டு. அது வேலை செய்யாது. பைத்தான் ஒரு கோப்பின் எந்த வரியையும் இயக்குவதற்கு முன்பே முழுக் கோப்பையும் பகுத்துப் பார்க்கிறது, 3.14 அறியாத தொடரியல் ஓரிடத்தில் இருந்தாலும் கோப்பு முழுவதும் தொடரியல் பிழையாக நின்றுவிடும். லேசி இம்போர்ட்டைப் பொறுத்தவரை இதற்கு வழி செய்திருக்கிறார்கள்: தள்ளிப்போட வேண்டிய மாட்யூல்களின் பெயர்களை ஒரு சிறப்பு மாறியில் பட்டியலிட்டுவிட்டு, இம்போர்ட் வரிகளை வழக்கம்போல எழுதலாம். பழைய பதிப்புகள் அந்த மாறியைக் கண்டுகொள்ளாமல் உடனே ஏற்றும்; 3.15 அதை மதித்துத் தள்ளிப்போடும். மற்றப் புதிய தொடரியல்களுக்கு இத்தகைய வழி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இடைப்பட்ட பதிப்புகளை மறந்துவிடுதல்

பைத்தான் 3.10-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபருடன் நிற்கின்றன. அதே சமயத்தில் 3.15 வருவதால், பலர் ஐந்து பதிப்புகளை ஒரே தாவலில் கடக்கப் போகிறார்கள். 3.15-இன் அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு இந்தத் தாவலைச் செய்வது ஆபத்தானது, ஏனெனில் 3.11 முதல் 3.14 வரை வந்த மாற்றங்கள் அனைத்தும் அன்றைய நாளில் ஒன்றாக வந்து சேரும். 3.12-இல், லைப்ரரிகளைத் தொகுத்து நிறுவப் பயன்பட்ட ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ நீக்கப்பட்டது. 3.13-இல் பெப் 594-இன்படி ‘சிஜிஐ’, ‘கிரிப்ட்’, ‘டெல்நெட்லிப்’ உள்ளிட்ட 19 பழைய மாட்யூல்கள் நீக்கப்பட்டன. இவை உடனே பிழை காட்டும் என்பதால் கண்டுபிடிப்பது எளிது.

கடினமானது 3.14-இல் நிகழ்ந்த ஒரு மாற்றம். ‘மல்டிபிராசஸிங்’ மாட்யூல் லினக்ஸில் புதிய செயல்முறைகளைத் தொடங்கும் இயல்பான முறை ‘ஃபோர்க்’ என்பதிலிருந்து ‘ஃபோர்க்சர்வர்’ என்பதற்கு மாறியது. ‘ஃபோர்க்’ முறையில் பிள்ளைச் செயல்முறை பெற்றோரின் நினைவகத்தை அப்படியே பெற்றது. எனவே முதன்மை நிரல் ஒரு பெரிய அட்டவணையைப் பொது மாறியில் ஏற்றி வைத்தால், பணியாளர்கள் அனைவருக்கும் அது தானாகவே கிடைத்தது. ‘ஃபோர்க்சர்வர்’ முறையில் பிள்ளை தூய நிலையில் தொடங்குகிறது. அந்த மாறி அங்கே வெறுமையாகவோ தொடக்க மதிப்புடனோ இருக்கும். முதன்மைப் பகுதியைக் காக்கும் வழக்கமான ‘மெயின்’ நிபந்தனை இல்லாமல் எழுதப்பட்ட நிரல்கள் இயங்கவே இயங்காது. இதைக் கண்டு பதறி, பழைய ‘ஃபோர்க்’ முறையை ஒரே வரியில் மீட்டுவிடுவோர் பலர். பல இழைகள் (ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் பணிகள்) ஓடும் செயல்முறையை ‘ஃபோர்க்’ செய்வது பூட்டுகள் சிக்கி நிரல் உறைந்துபோக வழிவகுக்கும் என்பதால்தான் இயல்புநிலையே மாற்றப்பட்டது. தேவையான தரவைப் பணியாளரின் தொடக்கச் செயற்கூறு வழியாகக் கொடுப்பதே நிலைத்து நிற்கும் தீர்வு.

3.14-இல் வந்த ‘டி-ஸ்டிரிங்’ பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அதைப் பயன்படுத்தினாலே தரவுத்தள வினவல் பாதுகாப்பாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். டி-ஸ்டிரிங் எதையும் தூய்மைப்படுத்துவதில்லை; நிலையான பகுதிகளையும் இடையில் செருகப்பட்ட மதிப்புகளையும் பிரித்துவைத்த ஒரு பொருளை மட்டுமே தருகிறது. அதை வாங்கி முறையாகக் கையாளும் லைப்ரரி இருந்தால்தான் பாதுகாப்பு கிடைக்கும்.

ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டுமே பைத்தான் நிரலை இயக்கவிடும் பூட்டான ஜிஐஎல் இல்லாத பைத்தான் இதைவிடக் கூடுதல் நிதானத்தைக் கேட்கிறது. 3.13-இல் சோதனை முயற்சியாக வந்து, 3.14-இல் முறையான ஆதரவு பெற்ற அது, தனியாக நிறுவ வேண்டிய ஒரு கட்டமைப்பு. பதிப்பை உயர்த்தியதும் தானாக வந்துவிடுவதில்லை. ஒற்றை இழையில் அது சற்று மெதுவாகவே இயங்கும். அதற்கெனத் தயார் செய்யப்படாத சி-நீட்சி (சி மொழியில் எழுதப்பட்ட மாட்யூல்) ஒன்றை இம்போர்ட் செய்தால், பைத்தான் ஓர் எச்சரிக்கையுடன் ஜிஐஎல்லை மீண்டும் இயக்கிவிடும். அதைக் கவனிக்காமல் எடுக்கப்பட்ட வேக அளவீட்டுக்குப் பொருளே இல்லை.

முன்னோட்டப் பதிப்பை நம்புவதிலும் ஒதுக்குவதிலும் நேரும் தவறுகள்

ஆல்ஃபா எனப்படும் தொடக்க முன்னோட்ட நிலையில் இருப்பது இறுதிப் பதிப்பில் கட்டாயம் இருக்கும் என்று நம்பி நிரலை மாற்றியமைப்பது ஒரு தவறு. வகைக்குறிப்புகளை (மாறிகளின் தரவு வகையைச் சொல்லும் குறிப்புகளை) எழுத்துச் சரங்களாகவே வைத்திருக்கும் பெப் 563 முறை 3.10-இன் ஆல்ஃபாவில் இயல்புநிலையாகவே இருந்தது. அந்தக் குறிப்புகளை இயங்கும்போதே படிக்கும் பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற லைப்ரரிகள் பாதிக்கப்படும் என்ற முறையீடு எழுந்ததால், 2021 ஏப்ரலில் பைத்தானின் வழிகாட்டுக் குழு அதைத் திரும்பப் பெற்றது. பின்னர் பெப் 649 என்ற வேறொரு வடிவமே 3.14-இல் நடைமுறைக்கு வந்தது. ஆல்ஃபாவுக்கு அடுத்த கட்டமான பீட்டா 1 வெளியானதும் புதிய வசதிகள் சேர்ப்பது நிறுத்தப்படும். நிரலைத் திருத்தத் தொடங்க அதுவே உகந்த கட்டம்.

இதற்கு நேர்மாறான தவறு, இறுதிப் பதிப்பு வரும்வரை லைப்ரரி ஆசிரியர்கள் எதையும் சோதிக்காமல் காத்திருப்பது. மேலே சொன்ன முறையீடு அன்று பலித்ததற்குக் காரணம், அது பீட்டாவுக்கு முன்பே வந்ததுதான். பீட்டாவுக்கும் இறுதிப் பதிப்புக்கும் இடைப்பட்ட வெளியீட்டுத் தேர்வுநிலை வந்ததும் சி-நீட்சிகளுக்கான இரும இடைமுகம் உறுதியாகிவிடுவதால், தொகுத்த கோப்புகளை அப்போதே வெளியிடலாம். தாமதிக்கும் ஒவ்வொரு லைப்ரரியும் தன்னைச் சார்ந்த எல்லா நிரல்களையும் பழைய பதிப்பில் கட்டிவைக்கிறது.

சோதிக்கும்போது எச்சரிக்கைகளைத் திறந்துவைக்க வேண்டும். வழக்கொழியப் போகும் வசதிகளைப் பற்றிய எச்சரிக்கை, முதன்மைக் கோப்பில் எழுந்தால் மட்டுமே இயல்பாகத் திரையில் தோன்றும். பிற மாட்யூல்களில் எழுவது மறைக்கப்படுகிறது. எச்சரிக்கைகளையெல்லாம் பிழைகளாக மாற்றும் விருப்பத்துடன், முதலில் உங்களிடம் இப்போது உள்ள பதிப்பிலும், அடுத்து இடைப்பட்ட ஒவ்வொரு பதிப்பிலும், கடைசியாக 3.15-இன் பீட்டாவிலும் சோதனைத் தொகுப்பை ஓட்டுங்கள். ஒரு பதிப்பில் எழும் எல்லாவற்றையும் தீர்த்த பிறகே அடுத்ததற்குச் சென்றால், எந்த மாற்றம் எந்தப் பதிப்பினால் வந்தது என்ற குழப்பமே எழாது.