சபா இருட்டுக்கு ஒரு நாய்ஸ் புரொஃபைல்

மார்கழியில் சபாவுக்குள் ஃபிளாஷ் அடிக்க விடமாட்டார்கள். அடிக்கவும் கூடாது. பாட்டுக் கச்சேரி என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200-இல் வைத்து ஒப்பேற்றிவிடலாம். பரதநாட்டியம் என்றால் ஷட்டர் 1/500 வேண்டும், அப்போது 12800 வரை ஏற்றித்தான் ஆக வேண்டும். பின்னால் தொங்கும் கறுப்புத் திரை முழுக்கச் சிவப்பும் நீலமுமாய்ப் புள்ளிகள். இவைதான் நாய்ஸ். நாய்ஸ் குறைக்கும் ஸ்லைடரைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தால் திரை சுத்தமாகிவிடும். கூடவே பட்டுப் புடவையின் ஜரிகையும் மிருதங்கத்தின் வாரும் மெழுகு பூசினமாதிரி வழுக்கிப் போகும்.

மென்பொருளுக்கு எது நாய்ஸ், எது ஜரிகை என்று தெரியாததுதான் காரணம். அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் புரொஃபைல். சென்சாரில் விழும் ஒளியிலேயே ஏற்ற இறக்கம் உண்டு. ஒளி கூடக் கூட அந்த ஏற்ற இறக்கத்தின் அளவும் கூடும். அதோடு கேமராவின் மின்சுற்று தன் பங்குக்கு ஒரு நிலையான நாய்ஸைச் சேர்க்கும். இந்த இரண்டையும் குறிக்கும் எண்களை ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும், சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக, அளந்து வைத்துக்கொள்கிறோம். அவ்வளவுதான்.

நான் பயன்படுத்துவது டார்க்டேபிள் என்ற படம் திருத்தும் மென்பொருள். இலவசம். அதில் ‘டீநாய்ஸ் புரொஃபைல்டு’ என்ற மாட்யூலைத் திறந்து, மேலே உங்கள் கேமராவின் பெயர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஏராளமான மாடல்களுக்கு ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்கள். வந்தால் வேலை மிச்சம். ‘ஜெனரிக் பாய்ஸோனியன்’ என்று மட்டும் காட்டினால் உங்கள் கேமராவுக்குப் புரொஃபைல் இல்லை என்று அர்த்தம். புது மாடல் வாங்கியவர்களுக்கு இதுதான் நடக்கும். அப்போது நாமே படம் எடுத்து அளந்துகொள்ள வேண்டியதுதான்.

கேமராவில் ரா ஃபார்மட் (சென்சார் தரும் திருத்தாத தரவு), 14 பிட் இருந்தால் 14 பிட், தரம் இழக்காத கம்ப்ரஷன். கேமராவின் சொந்த நாய்ஸ் குறைப்பு, முக்கியமாக லாங் எக்ஸ்போஷருக்கானது, அணைத்துவிடுங்கள். கேனானில் ஹைலைட் டோன் பிரையாரிட்டி, நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங் இரண்டும் எக்ஸ்போஷரில் கை வைக்கும், அவையும் வேண்டாம். ஷட்டர் மெக்கானிக்கலாக இருக்கட்டும். சில கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறினால் பிட் அளவு குறைந்துவிடும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. நமக்கு வேண்டிய படத்தில் அழகு தேவையில்லை. ஒரு ஓரம் வெளுத்துப் போயிருக்க வேண்டும், எதிர் ஓரம் கும்மிருட்டு, நடுவில் எங்கும் வெட்டாமல் மெதுவாக இறங்கும் சாம்பல். அறையை இருட்டாக்கி ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறந்து வைத்து, ஜன்னலும் பக்கத்துச் சுவரும் பாதிப் பாதி வருகிறமாதிரி ட்ரைபாடில் கேமராவை நிறுத்துங்கள். மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, லென்ஸை அதன் மிக அருகிலான தூரத்துக்குத் திருப்பி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்துவிடுங்கள். 50 எம்எம் 1.8 இருந்தால் பிரமாதம்.

இங்கே சென்னை வீடுகளுக்கே உரிய இரண்டு தொல்லைகள். ஒன்று, ஜன்னல் கம்பியும் கொசு வலையும். அவை அடையாளம் தெரியாத அளவுக்குக் கரைந்து போக வேண்டும். லேசாகக் கோடு தெரிந்தாலும் கணக்குப் போடும் நிரல் அதையும் நாய்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும். கரையவில்லையா, வலைச் சட்டத்தைக் கழற்றி வையுங்கள். இன்னொன்று, சுவரின் நிறம். மைலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளின் பச்சை டிஸ்டெம்பர் பார்க்க ஜோர், ஆனால் சிவப்பும் நீலமும் அதில் போதாமல் போகும். ஒரு வெள்ளை வேட்டியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினால் தீர்ந்தது.

டியூப்லைட், எல்இடி எல்லாம் அணைந்திருக்கட்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும், வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை விழும். பகல் வெளிச்சத்துக்கு அந்தப் பிரச்சினை இல்லை. இடையில் மேகம் வந்து போனாலும் கவலை வேண்டாம், ஒவ்வொரு படமும் தனிக் கணக்கு.

ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் ஒரு படம் வேண்டும். ஐஎஸ்ஓ 100-இல் 2 நொடி கொடுத்தால் சரியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 200-க்கு 1 நொடி, 400-க்கு அரை நொடி, இப்படிப் பாதிப் பாதியாக்கிக்கொண்டே போனால் 6400-க்கு 1/30. நடுவில் வரும் 125, 160 போன்றவற்றையும் விடாதீர்கள். சில கேமராக்கள் அவற்றைக் கணக்கால் பெருக்கித்தான் தருகின்றன, நாய்ஸும் அதற்கேற்ப மாறும். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராமை, அதாவது வெளிச்ச வரைபடத்தை, நம்ப வேண்டாம். அது ஜேபெக்கை வைத்துப் போடுவது. கணினியில் ஏற்றி, டார்க்டேபிளின் ரா ஓவர்எக்ஸ்போஸ்டு குறியீட்டை இயக்கி, மூன்று நிறங்களும் ஓர் இடத்திலாவது உச்சத்தைத் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடி அறையில் இதைச் செய்யாதீர்கள். சென்சார் சூடானால் நாய்ஸ் கூடும். கச்சேரி எடுப்பது ஏசி அரங்கில், அதனால் புரொஃபைலும் ஏசி அறையிலேயே எடுப்பது நியாயம். லைவ் வியூவை ரொம்ப நேரம் ஓட விடவும் வேண்டாம்.

கணினி வேலை சின்னது. நாய்ஸைக் கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் லினக்ஸில்தான் ஒழுங்காக ஓடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பே போதும். டார்க்டேபிளோடு அதன் நாய்ஸ் கருவிகள், க்னுபிளாட், இமேஜ்மேஜிக் ஆகியவற்றை நிறுவி, ஜென்-புரொஃபைல் ஸ்கிரிப்டுக்குப் படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

முடிவில் நாய்ஸ் அளவைக் காட்டும் வரைபடங்கள் கிடைக்கும். அவசரப்படாமல் ஒவ்வொரு ஐஎஸ்ஓவாகப் பாருங்கள். திருத்தும் முன் கோடு சரிந்திருக்கும். திருத்திய பின் பெரும்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். இரு முனைகளிலும் ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. நடுவில் மேடு தெரிந்தால் கம்பியோ வேட்டியின் சுருக்கமோ உள்ளே வந்துவிட்டது. அந்த ஐஎஸ்ஓவை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

கூடவே கிடைக்கும், அளந்த எண்கள் அடங்கிய ஜேஸன் ஃபைலை, டார்க்டேபிளைக் கட்டளை வரியிலிருந்து திறக்கும்போது நாய்ஸ்புரொஃபைல்ஸ் ஆப்ஷனில் கொடுங்கள். மாட்யூலில் உங்கள் கேமரா பெயர் வந்துவிடும். சோதனைக்குச் சுவரை எடுக்காதீர்கள். திரையும் ஜரிகையும் ஒன்றாக இருக்கும் பழைய கச்சேரிப் படம் ஒன்றை 100 சதவீதத்தில் பாருங்கள். மாட்யூலில் உள்ள வேவ்லெட்ஸ் முறையில் நிறப் புள்ளிகளை முழுக்க எடுத்துவிட்டு, வெளிச்சப் புள்ளிகளைக் கொஞ்சம் விட்டுவைப்பது என் பழக்கம். 12க்கு 18 அங்குல பிரிண்டில் அது தெரியவே தெரியாது, பட்டு பட்டாகவே இருக்கும். எல்லாம் சரியாக வந்தால் அந்த ரா படங்களையும் முடிவுகளையும் டார்க்டேபிள் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் சேர்த்துக்கொண்டால், அதே கேமரா வைத்திருக்கும் மற்றவர்கள் வேட்டி கட்டத் தேவையில்லை.