ஜோடியாக பாரிஸ் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பாரிஸில் எங்களுக்கு அது முதல் காலை. தங்கியிருந்த இடத்துக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் க்ருவாசான் அடுக்கியிருந்தார்கள். வெண்ணெய் வாசம் தெருவரை வந்தது. உள்ளே போய் இரண்டு விரலைக் காட்டி ஆங்கிலத்தில் "இரண்டு கொடுங்கள்" என்றேன். கல்லாவில் நின்ற அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "பொன்ழூர், மதாம்" என்றார். கை நகரவில்லை. நான் மறுபடி க்ருவாசானைக் காட்டினேன். அவரும் மறுபடி, இந்த முறை நிறுத்தி நிதானமாக, "பொன்ழூர்" என்றார். என்ன கேட்கிறார் என்று எனக்குப் பின்னால் நின்ற கணவருக்குத்தான் முதலில் உறைத்தது. அவர் "பொன்ழூர், மதாம்" என்றதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டையும் காகிதப் பையில் போட்டு, இரண்டு முனையையும் முறுக்கி, கையில் கொடுத்து, "பொன் ழூர்னே" என்று வாழ்த்தி அனுப்பினார்.

பிரெஞ்சுக்காரர்களுக்குத் தலைக்கனம் என்று ஊர் திரும்பிச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொன்னீர்களா? பிரான்ஸில் சின்னக் கடை என்பது ஏறக்குறைய ஒருவர் வீட்டுக் கூடம். நம் வீட்டுக்குள் ஒருவர் வந்து, வீட்டுக்காரரை ஏறெடுத்தும் பார்க்காமல் "தண்ணி குடுங்க" என்றால் நமக்கு எப்படி இருக்கும்? அதே உறுத்தல்தான் அவர்களுக்கும். ரொட்டிக்கடை, மருந்துக்கடை, பேருந்து ஓட்டுநர், அருங்காட்சியக வாசலில் பையைச் சோதிக்கிறவர் என்று யாராக இருந்தாலும் முதல் வார்த்தை பொன்ழூர். சாயங்காலம் ஆனால் பொன்ஸ்வார். கிளம்பும்போது மெர்சி, ஓ ர்வார். எதைக் கேட்டாலும் கூடவே சில் வூ ப்ளே. இந்த ஐந்தும் நாக்கில் இருந்தால் மீதியை ஆங்கிலத்தில் பேசலாம். பெரும்பாலும் அவர்களே ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வார்கள். ஒரு வாரத்துக்குள் நீங்கள் காணப்போகும் பாரிஸ் எப்படிப்பட்டது என்பதைத் தீர்மானிப்பதில் ஈஃபிள் கோபுரத்தைவிட இந்த வார்த்தைக்குப் பங்கு அதிகம் என்று மனதார நம்புகிறேன்.

தேனிலவு, கல்யாண நாள் என்று போகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, சினிமாவில் பார்த்த பாரிஸை மனதில் முழுசாகக் கட்டிக்கொண்டு இறங்குவது. நிஜ பாரிஸில் மெட்ரோ படிக்கட்டில் மூத்திர நாற்றம் அடிக்கும். மழை பெய்யும். மோனா லிசா முன்னால் நூறு கைபேசிகள் உயர்ந்து நிற்கும். இந்த ஏமாற்றம் சிலரை நோய் போலவே தாக்கியிருக்கிறது. 1980களில் பாரிஸில் பணியாற்றிய ஜப்பானிய மனநல மருத்துவர் ஹிரோஆக்கி ஓத்தா தன் நாட்டுப் பயணிகளிடம் அதைக் கண்டார். 'பாரிஸ் சிண்ட்ரோம்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், முதல் நாள் சாயங்காலம் ஜோடிகளுக்குள் வருகிற சின்னச் சண்டைக்கு இந்தப் பாரம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

நேரத்தைத் திட்டமிடுவதில் வருகிற பிழைகள்

எட்டு நாளில் ஐந்து நாடு என்ற கணக்கில் போகாதீர்கள். பாரிஸுக்கு மட்டும் நான்கு முழு நாள் ஒதுக்குங்கள். எது என்றைக்கு மூடியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்: லூவ்ர் செவ்வாய்க்கிழமை கிடையாது, ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கட்கிழமை கிடையாது. ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்கள் விடுமுறைக்குக் கிளம்பிவிடுவதால் நல்ல ரொட்டிக்கடைகளும் சின்ன உணவகங்களும் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் பூட்டியிருக்கும்.

நம் ஊர்க் கணக்கில் யோசித்து ஏமாறுகிற இன்னொரு விஷயம் சூரியன். "ஏழு மணிக்கு இருட்டிவிடும், கோபுர விளக்கைப் பார்த்துவிட்டு எட்டரைக்குச் சாப்பாடு" என்று ஜூன் மாதத்தில் திட்டம் போட்டால் நடக்காது. அங்கே அப்போது சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிறது. டிசம்பரில் ஐந்து மணிக்கே மறைந்துவிடும். ஈஃபிளில் இருக்கும் 20,000 மினுக்கு விளக்குகள் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம்தான் எரியும். கோடையில் போகிறவர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு, பத்தரைக்கு மேல் ஆற்றங்கரைக்குப் போய் உட்காருங்கள். கோபுரத்தில் ஏறியே ஆகவேண்டும் என்றால் மின்தூக்கிக்கான சீட்டை இரண்டு மாதம் முன்பே அதிகாரபூர்வ இணையதளத்தில் எடுத்துவிடுவது நல்லது. கால் வலுவாக இருந்தால் இரண்டாம் தளம் வரை 674 படிகள் உண்டு. எனக்குக் கோபுரத்தின் மேல் நின்றதைவிட, எதிர்க்கரையிலிருந்து அதைப் பார்த்ததுதான் பிடித்தது. மேலே ஏறிவிட்டால் பாரிஸ் தெரியும், கோபுரம் தெரியாது.

நோத்ர் தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. நுழைவுச்சீட்டு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

மெட்ரோவில் ஒரு நவிகோ ஈசி அட்டையை இரண்டு பேர் மாற்றி மாற்றித் தட்டிப் போக முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும். வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். வியாழக்கிழமை வாங்கினால் நான்கே நாள்.

பூட்டும் புகைப்படமும்

பாலத்தில் பெயர் எழுதிய பூட்டை மாட்டி, சாவியை ஸேன் நதியில் எறிவது என்று ஒரு பழக்கம் பரவியதே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். போன் தேஸார் நடைபாலத்தில் பூட்டுகளின் பாரம் தாங்காமல் 2014 ஜூனில் கைப்பிடிக் கம்பிவேலியின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறு வருடம் நகராட்சி அவற்றையெல்லாம் கழற்றியபோது எடை ஏறக்குறைய 45 டன். இப்போது அங்கே பூட்டு மாட்ட முடியாதபடி கண்ணாடித் தடுப்பு. மற்ற பாலங்களில் தேடிப்பிடித்து மாட்டுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பாலம் என்பது அந்த ஊர்க்காரர்கள் தினமும் நடக்கிற வழி. நம் காதலுக்கு அடையாளம் வேண்டும் என்றால் மோன்மார்த்ரில், அபேஸ் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய சின்னப் பூங்காவில் ஒரு நீலச் சுவர் இருக்கிறது. 2000-இல் அமைத்தது, 612 ஓடுகளில் 250 மொழிகளில் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்கள். காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது.

புகைப்படத்திலும் இதே கதை. பன்னிரண்டாம் வட்டாரத்தில் ரூ க்ரெமியூ என்று ஒரு குட்டித் தெரு. வீட்டுக்கு வீடு இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை. அங்கே படம் எடுக்க வந்த கூட்டம் தாங்காமல், சாயங்காலமும் வார இறுதியிலும் தெருவை மூடக் கதவு போடுங்கள் என்று 2019-இல் குடியிருப்பவர்கள் நகராட்சியிடம் கேட்டார்கள். யாரோ ஒருவரின் வாசற்படியில் அரைமணி நேரம் துணி மாற்றி மாற்றிப் படம் எடுத்தால் அவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? லியோன் நகரின் பழைய பகுதியில் 'திராபூல்' எனப்படும் வழிகள் இருக்கின்றன. ஒரு தெருவில் கதவைத் தள்ளி நுழைந்து, முற்றங்களைக் கடந்து, அடுத்த தெருவில் வெளியே வரலாம். பட்டு நெசவாளர்கள் துணி நனையாமல் கொண்டுபோன வழிகள் அவை. சிலவற்றை இன்றைக்கும் பொதுமக்களுக்காகத் திறந்து வைத்திருக்கிறார்கள். மாடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். சத்தம் போடாமல் நடந்தால் போதும்.

சாப்பாட்டு மேசையில்

ஒரு முறை இரவுச் சாப்பாடு முடித்து நாற்பது நிமிடம் பில்லுக்காகக் காத்திருந்தோம். பரிமாறுகிறவர் எங்களைக் கடந்து பத்துத் தடவை போயிருப்பார். வேண்டுமென்றே அலட்சியம் செய்கிறார் என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது: கேட்காமல் பில் கொண்டுவந்து வைத்தால் "எழுந்து போ" என்று சொல்வதாகிவிடும் என்பது அவர்கள் மரியாதை. அந்த மேசை அந்த இரவு உங்களுடையது. போகவேண்டும் என்றால் அவர் கண்ணைப் பார்த்து, "லதிஸியோன், சில் வூ ப்ளே" என்று கேளுங்கள். "கார்ஸோன்!" என்று கூப்பிடாதீர்கள், "டேய் பையா" என்பது போல ஆகிவிடும். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருப்பதால் தனியாக டிப்ஸ் கட்டாயம் இல்லை. மனசுக்குப் பிடித்தால் ஓரிரு யூரோ வைக்கலாம். தண்ணீர் கேட்டால் விலைக்குப் பாட்டில் வரும். "யுன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் குவளையில் இலவசமாக வரும். நன்றாகவே இருக்கும்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை, இரவு ஏழு ஏழரைக்கு மேல். நடுவே மூன்றரைக்குப் பசித்தால் பல உணவகங்களில் அடுப்பு அணைந்திருக்கும். 'ஆந்த்ரே' என்றால் அங்கே முதலில் வருகிற சிறு தட்டு. முக்கிய உணவு 'ப்ளா'. 'கஃபே' என்று மட்டும் சொன்னால் இரண்டு மடக்குக் கடுங்காப்பிதான் வரும். பால் வேண்டும் என்றால் 'கஃபே க்ரெம்'.

சைவம் சாப்பிடுகிறவர்களும் மாட்டிறைச்சி, பன்றி தவிர்ப்பவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வெங்காய சூப்பில் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு இருக்கும். கீரை சாலட் என்று நம்பி வாங்கினால் அதில் 'லார்தோன்' என்ற பன்றித் துண்டுகள் தூவியிருக்கும். கீஷ் லொரேனிலும் அதேதான். தார்தார் என்பது பச்சை மாட்டிறைச்சி. ஆந்தூயெத் என்பது குடலால் செய்தது. "வெஜிடேரியன்" என்று சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள் என்று நினைத்துவிடலாம். ஆகையால் "நி வியாந்து, நி புவாஸோன்" (இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம்) என்று முழுசாகச் சொல்லுங்கள். மரே பகுதியின் ரோஸியே தெருவில் கிடைக்கிற ஃபலாஃபெல் எங்களை இரண்டு நாள் காப்பாற்றியது.

எல்லா ஊரும் பாரிஸ் ஆகாது

பிரெஞ்சு பேசுகிறார்கள் என்பதற்காக ஒரே வழக்கத்தைச் சுமந்துகொண்டு போகக்கூடாது. கனடாவின் கியூபெக் நகரத்தில் கோட்டைச் சுவரும் கல் வீடுகளும் பழைய ஐரோப்பாவை நினைவூட்டும். 1608-இல் உருவான ஊர். ஆனால் அங்கே டிப்ஸ் விஷயத்தில் வட அமெரிக்கப் பழக்கம்: 15 சதவீதத்துக்குக் குறையாமல் எதிர்பார்ப்பார்கள், பட்டியலில் போட்ட விலையோடு வரியும் கிட்டத்தட்ட 15 சதவீதம் சேரும். 'தினே' என்று அழைத்தால் பாரிஸில் இரவுச் சாப்பாடு; கியூபெக்கில் மதியச் சாப்பாடு. ஏழு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்கவேண்டாம். பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, கனடா விசா தனி.

பெல்ஜியத்தில் இன்னும் கவனம் வேண்டும். வாய்க்கால்களும் பழைய வீடுகளுமாக ஜோடிகள் விரும்பிப் போகிற புரூஜ் நகரம் டச்சு பேசுகிற ஃபிளாண்டர்ஸில் இருக்கிறது. அங்கே போய் பொன்ழூர் போட்டால் முகம் சுருங்கும். மொழி அங்கே பெரிய உணர்ச்சி விஷயம், தமிழர்களுக்கு அதைச் சொல்லித்தரவேண்டியதில்லை. 'குடன்டாக்' என்று சொல்லுங்கள், இல்லையேல் ஆங்கிலமே மேல். ரயில் பலகையில் ஊர்ப்பெயரும் மாறும். லில் நகரம் 'ரெய்சல்' ஆகிவிடும். சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசுகிற ஜெனிவா ஷெங்கனுக்குள் வரும், ஆனால் நாணயம் சுவிஸ் ஃபிராங்க்.

விசா பற்றி ஒன்று: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் பிப்ரவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.

திருட்டு விஷயத்தில் பயப்படவேண்டாம், விழிப்பாக இருந்தால் போதும். சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் மணிக்கட்டில் கயிறு கட்ட வருவார்கள், தரையில் கிடந்ததாகத் தங்க மோதிரம் நீட்டுவார்கள், கையெழுத்து கேட்டு அட்டையோடு சூழ்வார்கள். கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு "நோன், மெர்சி" என்று நிற்காமல் நடங்கள். மெட்ரோ கதவோரம் நின்று கைபேசி பார்க்காதீர்கள். கதவு மூடுகிற நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

நான்காம் நாள் நாக்கு சோறு கேட்டது. காதல் நகரத்துக்கு வந்து சோற்றைத் தேடுவதா என்று வெட்கப்பட்டு இன்னொரு நாளை ரொட்டியிலேயே ஓட்டினேன். அதையும் தவறுகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லா ஷப்பேல் வரை நடந்தால் தெருவின் இருபுறமும் ஈழத் தமிழர்களின் கடைகள். தமிழ்ப் பெயர்ப்பலகை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிவில் தேர் வரும்போது பாரிஸ் தெருக்களில் தேங்காய் உடைபடும். நாங்கள் நுழைந்த சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருந்த அண்ணா முன்னால் நின்ற அம்மாவிடம் "பொன்ழூர், மதாம்" என்று காசு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் பழக்கதோஷத்தில் நானும் "பொன்ழூர்" என்றேன். அவர் எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "வாங்கோ, இருங்கோ, கொத்து போடவோ?" என்றார்.