பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வரைபடம்: செலவு இருபது ரூபாய்

ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உச்சிப்புளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூரு, கொச்சி, கோயம்புத்தூர் என்று தோளில் முழ நீள லென்ஸோடு ஆட்கள் வந்து இறங்குவார்கள். கையில் செல்போன் மேப் மட்டும் இருக்கும். அதில் கண்மாய் நீலமாகத் தெரியும், சரி. அது யாருடைய இடம், எந்தக் கரை வழியாகப் போகலாம் என்பதெல்லாம் அதில் வராது. போன தையில் ஒருவர் கடற்கரை என்று நினைத்து விடியற்காலையில் இறால் பண்ணைக்குள் போய்விட்டார். காவல்காரர் விரட்டியதில் ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை என் கடை வாசலில் மரியாதையாகக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

இதற்காகக் காசு கட்டி ஆப் எதுவும் வாங்க வேண்டாம். இந்திய நில அளவைத் துறையின் இணைய வரைபடத் தளத்தில் பதிவு செய்துகொண்டால், பொதுமக்களுக்கான டோப்போ ஷீட் (மேடு பள்ளம், பாதை, நீர்நிலை எல்லாம் காட்டும் நில வரைபடம்) பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கும். அளவு 1:50,000. அதாவது தாளில் இரண்டு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். பழைய கணக்கில் ராமநாதபுரம், கீழக்கரைப் பக்கம் 58 கே, மண்டபம், ராமேஸ்வரம் 58 ஓ. புது எண்கள் சி44 என்று ஆரம்பிக்கும். கிழக்கு 79 பாகைக் கோடு எங்கள் ஊர்ப் பக்கம்தான் ஓடுகிறது, அதனால் இங்கே சுற்றுகிறவர்களுக்குக் கோட்டின் இரண்டு பக்கத்துத் தாள்களும் வேண்டும். கண்மாய்க் கரை, வண்டிப்பாதை, கிணறு, கோயில் எல்லாம் அதில் இருக்கும். ஒன்று மட்டும் இருக்காது: சீமைக்கருவேலம். தாளில் உள்ள வண்டிப்பாதைகளில் பாதியை அது மூடிவிட்டது. ஆகவே செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பச்சை அடைத்த பாதையைப் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

அடுத்தது, நிலம் யாருடையது என்ற கேள்வி. வெளியூர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். தமிழக அரசின் நிலத் தகவல் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகள் கோடு கோடாக விழும். போக நினைக்கும் இடத்தைத் தொட்டால் சர்வே எண் வரும். அந்த எண்ணை 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் பதிவேடு) போட்டுப் பாருங்கள். பட்டா நிலமா, புறம்போக்கா என்று தெரிந்துவிடும். பட்டா என்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், உப்பளமானாலும் தென்னந்தோப்பானாலும். பெரும்பாலும் விடுவார்கள், இளநீர்கூடக் கிடைக்கலாம். புறம்போக்கு என்றதும் தாராளமாக இறங்கிவிடவும் கூடாது. கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார். வலை போட்டிருக்கும் நேரத்தில் நீங்கள் கரையில் நடமாடினால் அவருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

வனத்துறை இடங்கள் தனி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. படகுக்காரர் "நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்றாலும் அனுமதியில்லாமல் ஏறாதீர்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் எல்லாம் சரணாலயங்கள். முதல் இரண்டும் 2022-லேயே ராம்சார் பட்டியலுக்கு (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) போய்விட்டன. தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்று 2025-ல் சரணாலயம் அறிவித்தார்கள். எங்கே வண்டியை நிறுத்தலாம், எதுவரை நடக்கலாம் என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுத் தாளிலேயே குறித்துக்கொள்வது நல்லது. வேட்டை பற்றிச் சிலர் கிசுகிசுப்பாக விசாரிப்பதுண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கவட்டையோடு பிடிபட்டாலும் வழக்குதான்.

அப்புறம், தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைப் பக்கம் செல்போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்பும், மேப் சுற்றிக்கொண்டே நிற்கும். முழு ஷீட்டையும் ஏ3-க்குள் சுருக்கினால் எழுத்து எறும்பாகிவிடும், அளவும் மாறிப்போகும். போகிற பகுதியை மட்டும் வெட்டி, 'நூறு சதவீதம்' என்று வைத்து அடிக்கச் சொல்லுங்கள். என் கடையில் கலர் ஏ3 இருபது ரூபாய். லேமினேஷன் வேண்டாம், அதன்மேல் பென்சில் பிடிக்காது. பாலித்தீன் உறை போதும்.

கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பிரிண்ட் வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள்.