ஃபங்ஷன்மேல் பழி போடும் முன்

லினக்ஸ் ஷெல்லான பேஷில், லைப்ரரி ஃபைலில் வைத்த ஒரே ஃபங்ஷனை (பெயர் வைத்த கமாண்டுத் தொகுப்பை) பல ஸ்கிரிப்டுகள் சோர்ஸ் பண்ணிக்கொள்ளும், அதாவது அந்த ஃபைலைத் தங்களுக்குள் ஏற்றிக்கொள்ளும். எல்லாவற்றிலும் ஒழுங்காக ஓடும், ஒன்றில் மட்டும் சொதப்பும். உடனே ஃபங்ஷனைத் திறந்து கை வைக்காதீர்கள். நன்றாக ஓடுகிற மற்றவையும் படுத்துவிடும். கோளாறு பெரும்பாலும் கூப்பிட்ட இடத்தில்தான் இருக்கும்.

நான் பார்த்துக்கொள்வது மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் சர்வர்களை. வண்டி வருவதும் போவதும் கேட் கம்ப்யூட்டரில் பதிவாகும், ராத்திரி பேஷ் ஸ்கிரிப்டுகள் பேக்கப் எடுக்கும். கேட்டில் பதிவு நின்றால் வெளியே டிரெய்லர் வரிசை கட்டிவிடும். டிரைவர் அண்ணன்கள் அப்போது பேசும் தமிழை இங்கே எழுத முடியாது.

முதலில், ஓடுவது நீங்கள் நினைக்கிற ஃபங்ஷன்தானா என்று பாருங்கள். 'டைப் மைனஸ் ஏ' போட்டுப் பெயரைக் கொடுத்தால் அது ஏலியாஸா (சுருக்கப் பெயரா), ஃபங்ஷனா, கமாண்டா என்று சொல்லிவிடும். 'லாக்' மாதிரிப் பொதுப் பெயரை இரண்டு லைப்ரரி ஃபைல்களில் வைத்திருந்தால் கடைசியாக ஏறியதுதான் நிற்கும். எந்த ஃபைல், எந்த வரி என்று தெரிய, 'ஷாப்ட் மைனஸ் எஸ் எக்ஸ்ட்டீபக்' கொடுத்துவிட்டு 'டிக்ளேர் மைனஸ் பெரிய எஃப்' போட்டுப் பெயரைக் கொடுங்கள்.

"கையால் ஓட்டினால் ஓடுது சார், கிரானில் ஓடல" என்பது எனக்கு அதிகம் வரும் புகார். குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டுவது கிரான், அதன் பட்டியல் கிரான்டாப். கிரான்டாப் வரியில் 'எஸ்ஹெச்' என்று முன்னால் போட்டு ஸ்கிரிப்டை ஓட்டியிருப்பார்கள். அப்படிச் செய்தால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பேஷ் என்று எழுதியிருப்பதை யாரும் மதிப்பதில்லை. உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 முதல் எஸ்ஹெச் என்றால் டேஷ் என்ற வேறொரு ஷெல். அதற்கு 'சோர்ஸ்' தெரியாது, இரட்டைச் சதுர அடைப்பும் தெரியாது. லைப்ரரிக்கு முழு பாத் கொடுங்கள். கிரான் உங்கள் ஸ்கிரிப்ட் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டுவதில்லை. டெர்மினல் திறந்தால் ஏறும் பேஷ்ஆர்சி ஃபைலில் வைத்த ஃபங்ஷனையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது சத்தமே போடாத வகை. ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கும் மாறிக்கு 'லோக்கல்' போட்ட அதே வரியில் ஒரு கமாண்டின் விடையையும் பிடிப்போம். பேக்கப் ஃபோல்டரே இல்லை, டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் தோற்றுப்போகிறது. ஆனால் அடுத்த வரியில், முந்தைய கமாண்ட் ஜெயித்ததா என்று சொல்லும் $? பார்த்தால் 0, அதாவது ஜெயம். அது லோக்கல் ஜெயித்ததற்கான பூஜ்யம். லோக்கலை ஒரு வரியிலும், விடை பிடிப்பதை அடுத்த வரியிலும் எழுதுங்கள். கமாண்ட் தோற்றதும் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் மைனஸ் ஈ' இருக்கிறதே என்கிறீர்களா? ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனையாகவோ, && அல்லது || குறிக்கு முன்னாலோ கூப்பிட்டால், அதற்குள்ளே அந்த மைனஸ் ஈ வேலை செய்யாது. முக்கியமான கமாண்டுகளுக்குப் பின்னால், தோற்றால் ஃபங்ஷனை விட்டு வெளியேறும்படி நீங்களே || போட்டு ரிட்டர்ன் எழுதிவிடுங்கள். எக்ஸிட் வேண்டாம், அது கூப்பிட்ட ஸ்கிரிப்டையே மூடிவிடும்.

எண்ணிக்கையை ரிட்டர்னில் அனுப்பாதீர்கள். அது 255 வரைதான் தாங்கும். 300 ஃபைல் என்றால் 44 வரும். 256 என்றால் 0 வந்து, ஒன்றுமே இல்லை என்று சொல்லும். எண்ணை எக்கோவில் கொடுத்துப் பிடியுங்கள். அப்புறம் "ஆரம்பிக்கிறேன்", "முடிந்தது" மாதிரி மெசேஜ்களைப் பிழைச் செய்திகள் போகும் வழிக்கு, அதாவது >&2 என்று திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பைப்புக்குப் பின்னால் 'வைல் ரீட்' சுற்றில் கூட்டிய கணக்கு வெளியே வந்ததும் காணாமல் போகும். அது சப்ஷெல் வேலை: பைப்புக்குப் பின்னால் இருப்பது தனி ஷெல்லில் ஓடும், அதன் கணக்கும் அதோடு போய்விடும். சுற்றை முடிக்கும் 'டன்'னுக்குப் பின்னால் < <( ) வைத்து அதற்குள் கமாண்டைப் போடுங்கள்.

இன்னும் பிடிபடவில்லையா? கூப்பிடும் வரிக்கு முன், ஓடும் ஒவ்வொரு கமாண்டையும் காட்டும் 'செட் மைனஸ் எக்ஸ்', பின்னால் 'செட் பிளஸ் எக்ஸ்'. முழு ஸ்கிரிப்டுக்கும் போட்டால் வெள்ளம் மாதிரிக் கொட்டும். ஸ்கிரிப்டில் தவறு தேடும் ஷெல்செக்கையும் ஓட்டிப் பாருங்கள், லோக்கல் விவகாரத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். சரிசெய்ததைக் கையால் ஓட்டித் திருப்திப்படாமல், நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் கிரான் வரி ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டுச் சோதியுங்கள். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.