விபத்துக் காயத்துக்கு இழப்பீடு: எம்.சி.ஓ.பி. மனு போடுவது எப்படி?

சாலை விபத்தில் காயப்பட்டவர் இழப்பீடு கேட்டுப் போக வேண்டிய இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே போடும் இழப்பீட்டு மனுதான் எம்.சி.ஓ.பி. சென்னையில் இது சிறுவழக்குகள் நீதிமன்றத்தில் இருக்கிறது. மற்ற ஊர்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களே இந்த வேலையையும் பார்க்கின்றன. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் மனு போட வேண்டும். விபத்து நடந்த ஊர், நீங்கள் வசிக்கும் ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர் ஆகிய மூன்றில் எங்கும் போடலாம். நீங்கள் வசிக்கும் ஊரே நல்லது. கட்டுப்போட்ட காலோடு வாய்தாவுக்கு அலையப்போவது நீங்கள்தான்.

1. காவல் நிலையக் காகிதங்கள்

சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) திரும்பிவிடாதீர்கள், எப்.ஐ.ஆர். வேண்டும். அதோடு பார்வை மகஜர் (விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீசார் எழுதும் குறிப்பு), அந்த இடத்தின் மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை ஆகியவற்றின் நகல்களையும் வாங்குங்கள். எதிர் வண்டியின் எண் தெரிந்தால் எம்-பரிவாகன் செயலியில் காப்பீடு எந்தத் தேதிவரை இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

2. ஏ.ஆர். காப்பி

பல வழக்குகள் இடறுவது இங்கேதான். அவசர சிகிச்சைப் பிரிவில் பணி மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டில் (இதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி) எப்படி அடிபட்டது என்று ஒரு வரி இருக்கும். கூட வந்தவர் பதற்றத்தில் 'பைக்கிலிருந்து விழுந்துட்டார்' என்று சொன்னால் அதுவே பதிவாகிவிடும். வேறு வண்டி மோதவே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் பிற்பாடு வாதாட அந்த ஒரு வரி போதும். அதனால் எந்த வண்டி, எந்தத் திசையிலிருந்து வந்து மோதியது என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு சேர்த்துத் தேதி வரிசையில் வையுங்கள். லேமினேஷன் வேண்டாம்.

3. எதிர்மனுதாரர்கள்

வண்டி உரிமையாளர், அவருடைய காப்பீட்டு நிறுவனம் இருவரையும் சேர்க்க வேண்டும். இரண்டு வண்டிகள் மோதியதில் பின்னால் உட்கார்ந்து வந்தவர் காயப்பட்டிருந்தால், இரண்டு வண்டிக்காரர்களையும் அவர்களுடைய நிறுவனங்களையும் சேர்ப்பதே பாதுகாப்பு.

4. தொகையைக் கணக்கிடுதல்

மருத்துவக் குழு '45 சதவீத ஊனம்' என்று சான்று தந்தால், அதை அப்படியே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த ஊனம் உங்கள் தொழிலை எவ்வளவு முடக்குகிறது என்பதுதான் கேள்வி. இதை உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்த தச்சருக்கு இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலிருக்கலாம்.

ஒரு கணக்கு: வயது 32, சொந்தமாகத் தொழில் செய்யும் எலக்ட்ரீஷியன், மாத வருமானம் 15,000 ரூபாய், தொழில் இழப்பு 20 சதவீதம். 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கி (வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண்) 16. ஆக 40,32,000, அதில் 20 சதவீதம் 8,06,400 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாளர் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம் எல்லாம் தனி.

தொழில் முடங்கியதை நிரூபிக்காவிட்டால் சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று வைத்தாலும் 20 சதவீதத்துக்கு ஒரு லட்சம்தான். ஆகவே ஏணி ஏற முடியவில்லை, குந்த முடியவில்லை என்பதை மனுவிலும் சாட்சியத்திலும் விவரமாகச் சொல்லுங்கள். சிகிச்சை அளித்த மருத்துவரைச் சாட்சியாக அழைப்பது வீண் செலவல்ல. வருமானத்துக்கு வங்கிக் கணக்கு விவரம், உரிமச் சான்று, வேலை கொடுத்தவரின் சாட்சியம் உதவும்.

5. காலக்கெடு

01.04.2022 முதல் 166(3) பிரிவு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்கிறது. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். குற்றப்பத்திரிகைக்குக் காத்திருக்காமல் எப்.ஐ.ஆர். நகலோடு மனுவைப் போட்டுவிட்டு, மற்றவற்றைப் பிறகு தாக்கல் செய்யலாம்.

பின்சேர்க்கை: மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியதில்லை. 161-ஆம் பிரிவுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், இறப்புக்கு 2 லட்சம் கிடைக்கும். தீர்ப்பாயம் தந்த தொகை குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.