ஜூபேர் சிண்ட்ரோம்: பெயர் வைத்ததோடு நின்றுவிடாதீர்கள்

குழந்தை நரம்பியல் பயில வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். 1969-இல் மரீ ஜூபேர் மான்ட்ரியலில் விவரித்த, சிறுமூளை சரியாக வளராத இந்த மரபணு நோயில் அவை அதிகம்.

அவசரப்பட்டு 'டேண்டி வாக்கர்' என எழுதுவது

சிறுமூளையின் நடுப்பகுதியான வெர்மிஸ் சிறுத்திருக்கிறதா? டேண்டி வாக்கர் என்ற வேறொரு பிறவிக் கோளாறிலும் அப்படித்தான் இருக்கும். எம்ஆர்ஐயில் நடுமூளையும் அதற்குக் கீழுள்ள பான்ஸ் என்ற மூளைத்தண்டுப் பகுதியும் சேரும் இடத்தின் குறுக்குவெட்டைப் பாருங்கள். கடைவாய்ப்பல் வடிவம் தெரிந்தால் ஜூபேர்.

சிறுநீரகத்தை மறப்பது

ஒரு சிறுவன் வந்தான். தளர்ந்த உடம்பு, பக்கத்தில் இருப்பதைப் பார்க்கவும் தலையை வெடுக்கென்று திருப்புவான். வேறோர் இடத்தில் ஜூபேர் என்று சரியாகவே கண்டுபிடித்து, பிசியோதெரபி எழுதி அனுப்பியிருந்தார்கள். அம்மா சொன்னார்: "ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு தண்ணி கேப்பான் டாக்டர், பாயெல்லாம் நனைச்சிடுவான். மூளை வளர்ச்சி இல்லாத புள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்னாங்க." சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்தோம். சிறுநீரகம் பெரும்பகுதி செயலிழந்திருந்தது.

இந்நோயின் மரபணுக் கோளாறு தாக்குவது சிலியா என்ற நுண்ணிழையை. மூளையில் மட்டுமா இருக்கிறது அது? சிறுநீரகக் குழாய், விழித்திரை, ஈரலின் பித்தநாளம் எல்லாவற்றிலும் உண்டு. இதில் வரும் நெஃப்ரோனோப்திசிஸ் என்ற சிறுநீரக நோய் ஆரம்பத்தில் முகம் வீங்க வைக்காது, சிறுநீரில் புரதமும் பெரும்பாலும் காட்டாது. சிறுநீரைச் செறிவாக்கும் திறன்தான் முதலில் குறையும். தாகமும் படுக்கை நனைவதும் அதனால்தான். சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு "டிப்ஸ்டிக் நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆண்டுதோறும் கிரியேட்டினின், காலைச் சிறுநீரின் செறிவு, ஈரல் பரிசோதனை, வயிற்று அல்ட்ராசவுண்ட், விழித்திரைப் பரிசோதனை வேண்டும். குழந்தை நன்றாக இருந்தாலும் வேண்டும்.

மயக்க மருந்து

மூச்சு இரைத்து, பிறகு நின்றுபோகும் குழந்தை என்றால் எம்ஆர்ஐக்கு முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மரபணு அறிக்கை வராமலே ஆலோசனை சொல்வது

பெரும்பாலான குடும்பங்களில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. நோய்க்குக் காரணம் ஓஎஃப்டி1 என்ற மரபணு என்றால் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும், கணக்கே மாறிவிடும். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுவது நம் பக்கம் சகஜம். அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பெற்றோரைக் குற்றவாளியாக்காதீர்கள். சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இந்தக் குழந்தை பிறக்கிறது. குடும்பத்தின் மரபணு மாற்றம் இன்னதென்று தெரிந்திருந்தால், அடுத்த கர்ப்பத்தின் 11-ஆம் வாரத்திலேயே சிவிஎஸ் (நஞ்சுக்கொடித் திசுவைத் துளி எடுத்துச் செய்யும் பரிசோதனை) செய்து பார்த்துவிடலாம். அந்தத் தாயை 20-ஆம் வார ஸ்கேன் வரை காக்க வைக்காதீர்கள்.